பின்னாலிருந்து ஒரு தட்டு

இது நடந்தது. கதை என்று நினைத்துப் படிப்பவர்கள் அப்படியே படிக்கட்டும், எனக்கு வருத்தமில்லை. நான் ஒரு லிஃப்ட் மெக்கானிக். "சார், எங்க லிஃப்டை பேய் ஓட்டுது" என்று என்னைக் கூப்பிட்ட கட்டடங்கள் பல. ஆளில்லாமல் மேலே போகிறது, நடுவில் நிற்கிறது, கதவு தானாகத் திறக்கிறது என்பார்கள். போய்ப் பார்த்தால் ஒரு பட்டனுக்குள் ஈரம் இறங்கியிருக்கும், இல்லையென்றால் ஒரு ரிலே ஒட்டிக்கொண்டிருக்கும். துடைத்துவிட்டு வருவேன். பேயும் போய்விடும். எதற்கும் ஒரு காரணம் உண்டு, அதன்மேல் டெஸ்டரை வைக்க முடியும் என்பதுதான் என் கட்சி.

இந்த ஒன்றில் மட்டும் டெஸ்டரை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

முதலில் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா ரயிலில் கார்டாக இருந்தவர். ரயிலை ஓட்டுவது டிரைவர் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். டிரைவர் இழுப்பார், அவ்வளவுதான். கடைசிப் பெட்டியில் இருக்கும் கார்டு எட்டிப் பார்த்து, எல்லோரும் ஏறியாயிற்று என்று விசில் ஊதிப் பச்சைக் கொடி காட்ட வேண்டும். அதுவரை அவ்வளவு பெரிய ரயிலும் கட்டிப்போட்ட மாடு மாதிரி நிற்கும். அந்த வேலையை விட்டு அப்பா எப்போதோ வந்துவிட்டார். ஆனால் மறதி வந்த பிறகு, வேலை அவரைத் தேடி வந்துவிட்டது. விடியற்காலையில் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, "வண்டிக்கு நேரமாச்சு" என்று தெருவில் இறங்கிவிடுவார். யாராவது கையைப் பிடித்துக் கூட்டிவந்து விடுவார்கள். ஒவ்வொரு முறையும் அக்காவுக்கு விஷயம் போய்விடும்.

"டேய், உன்னால முடியாது. பேசாம முதியோர் இல்லத்துல சேர்த்துடலாம்" என்றாள் அக்கா.

"நான் பாத்துக்கறேன்."

"நீ உன்னையே பாத்துக்கல. அம்மா போனதுலேர்ந்து உன் மூஞ்சி சுவரு மாதிரி இருக்கு. சுவத்துகிட்ட அப்பாவ எப்படி விட்டுட்டுப் போறது?"

அவள் சொன்னதில் பொய்யில்லை. காலை மடக்கி வெகுநேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால், கால் இருக்கும், ஆனால் நம்முடையதாக இருக்காது. அம்மா போனதிலிருந்து எனக்கு உடம்பு முழுக்க அப்படித்தான். அழுகை வரவில்லை. பசி வந்தால் சாப்பிட்டேன். வேலைக்குப் போனேன். அவ்வளவுதான்.

அக்காவும் அத்தானும் தேசியப் பூங்கா ஒன்றில் ஒருநாள் பயணத்துக்கு இடம் பிடித்து வைத்திருந்தார்கள். காலையில் ஜீப்பில் கூட்டிப்போய் மிருகங்களைக் காட்டிவிட்டு, மாலையில் திரும்பக் கொண்டுவிடுவார்கள். அந்த இரண்டு இடத்தையும் என்னிடம் தள்ளினாள்.

"ஒரே ஒரு நாள். அப்பாவ வெளிய கூட்டிட்டுப் போ. முழுசாத் திரும்பக் கொண்டுவந்து சேத்துடு. அதுக்கப்புறம் இல்லம்ங்கிற வார்த்தையையே எடுக்க மாட்டேன்."

"நடுவுல ஏதாவது ஆனா?"

"அப்புறம் நான் சொல்றதைத்தான் நீ கேக்கணும்."

சரி என்றேன்.

ஜீப்பில் கூரைக்குக் கான்வாஸ், பக்கங்கள் திறப்பு. ஓட்டுநருக்குப் பின்னால் மூன்று வரிசை. அன்று நாங்கள் நான்கே பேர். முதல் வரிசையில் ஒரு கேமராக்காரரும் அவர் மனைவியும். கேமராக்காரரின் லென்ஸ் பீரங்கி மாதிரி இருந்தது. "என்னைப் படம் எடுத்து நாலு வருஷமாச்சு, கரடியத் தேடி வந்திருக்காரு" என்று அந்த அம்மா என்னிடம் சொன்னார். "கரடி அசையாம நிக்கும், நீ நிப்பியா?" என்றார் அவர். ஓட்டுநர் பக்கத்தில் வழிகாட்டி, நடுவயதுப் பெண். ஓட்டுநர் வாயே திறக்காதவர் என்பதால் அவரை மௌனி என்று கூப்பிட்டார். மௌனி அதற்கும் பதில் சொல்லவில்லை.

குளிருக்கு ஆளுக்கொரு சாம்பல் நிறப் போர்வை கொடுத்துவிட்டு, வழிகாட்டி விதியைச் சொன்னார்.

"காட்டுக்குள்ள நம்ம வாய்க்கு லீவு. பேசினா எல்லாம் ஓடிடும். அதனால தோள்லதான் பேச்சு. கடைசி வரிசையில இருக்கிறவங்க முன்வரிசையில இருக்கிறவங்க தோள்ல ஒரு தட்டு தட்டணும். அவங்க தனக்கு முன்னாடி இருக்கிறவங்களத் தட்டணும். அது எங்கிட்ட வரும், நான் மௌனியத் தட்டுவேன், வண்டி கிளம்பும். ஒரு தட்டுன்னா 'பாத்தாச்சு, ஏறியாச்சு, போலாம்'. ரெண்டு தட்டுன்னா 'இரு, இன்னும் இல்ல'. பின்னாலேர்ந்து தட்டு வராம இந்த வண்டி நகராது."

"பின்னாலேர்ந்து கரடி தட்டினா?" என்றார் கேமராக்காரர்.

"அப்ப நான் மௌனியத் தட்ட வேண்டிய அவசியமே இருக்காது சார்."

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அந்த முகத்தைப் பார்த்தேன். "இதுதான் முறை" என்றார். "கடைசிப் பெட்டிதான் சொல்லணும்." சொல்லிவிட்டு நேராகப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டார். பக்கத்தில் உட்காரப் போனேன். "பாசஞ்சர் எல்லாம் இங்க வரக்கூடாது" என்று விரட்டிவிட்டார். நான் நடு வரிசையில், அவருக்கு நேர் முன்னால் உட்கார்ந்தேன்.

எனக்கும் அந்த ஏற்பாடு பிடித்திருந்தது. காரணம், லிஃப்டும் இதே ஏற்பாட்டில்தான் ஓடுகிறது. ஒவ்வொரு மாடிக் கதவிலும் கட்டைவிரல் அகலத்தில் ஒரு கான்டாக்ட் இருக்கும். கதவு சாத்தினால் அது சேரும். எல்லாக் கான்டாக்டும் ஒரே கம்பியில் கோத்த மணி மாதிரி, சீரியல் பல்பு மாதிரி. மேல்மாடிக் கதவு, அடுத்த கதவு, அடுத்தது என்று மின்சாரம் ஒவ்வொன்றாகக் கடந்து வந்து கடைசியில் மோட்டாரைத் 'தட்டும்'. நடுவில் ஒரு கதவு திறந்திருந்தாலும் தட்டு வராது. லிஃப்ட் நகராது. எவ்வளவு எளிமை பாருங்கள். யாரையும் நம்ப வேண்டாம், திரும்பிப் பார்க்க வேண்டாம். தட்டு வந்தால் போதும்.

அதில் ஒரே ஒரு ஆபத்து உண்டு. பழுது பார்க்கும்போது, கெட்டுப்போன கான்டாக்டைத் தாண்டி ஒரு துண்டு வயரை நாங்களே மாட்டிவிடுவோம். கதவு திறந்தே இருக்கும். ஆனால் லிஃப்டுக்குச் சாத்தியிருப்பதாகத் தெரியும். அதன் பெயர் ஜம்பர். வேலை முடிந்து அதைக் கழற்ற மறந்தால், ஆள் ஏறும்போதே லிஃப்ட் கிளம்பிவிடும்.

இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

காலை முழுக்க எல்லாம் ஒழுங்காக நடந்தது. மான்கூட்டம் பார்த்தோம். நரி ஒன்று எங்களைக் கடந்து, எங்களுக்கு முக்கியத்துவமே கொடுக்காமல் போயிற்று. அப்பாவுக்குக் கண் மங்கல். வழிகாட்டி கை காட்டும் இடத்தில் மிருகத்தைக் கண்டுபிடிக்க அவருக்கு நேரமாகும். கண்டுபிடித்த பிறகு என் வலது தோளில் ஒன்று விழும். 'தொம்.' அது தட்டு இல்லை, அடி. தோள்பட்டை கழன்றுவிடும் போலிருக்கும். நான் கேமராக்காரரை மெதுவாகத் தட்டுவேன். வண்டி நகரும். பின்னாலிருந்து அப்பாவின் இருமல் கேட்டுக்கொண்டே இருக்கும். போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டு, கூன் போட்டு உட்கார்ந்திருந்தார்.

நடுவழியில் ஒரு நிறுத்தம். கீழே இறங்க அனுமதியுள்ள ஒரே இடம் அதுதான். தகரக் கூரை, அதன் கீழ் ஒரு மர பெஞ்ச், சற்றுத் தள்ளி ஒரு கழிப்பறை, பின்னால் ஓடை. பனி இன்னும் முழுக்க விலகவில்லை. அப்பாவை பெஞ்சில் உட்கார வைத்தேன். கேமராக்காரரின் மனைவி பிளாஸ்கிலிருந்து அவருக்கு டீ ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு நிமிஷம் பாத்துக்கறீங்களா?"

"நீங்க போய்ட்டு வாங்க தம்பி. நான் எங்க ஓடப்போறேன், கரடியா?"

நான் கழிப்பறையிலிருந்து வெளியே வந்தபோது பேச்சு நின்றிருந்தது. வழிகாட்டி உதட்டில் விரல் வைத்திருந்தார். ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு கரடி. கூட இரண்டு குட்டிகள். குட்டியோடு இருக்கும் கரடி முன்னால் நிற்கக் கூடாது, உடனே ஏற வேண்டும். கேமராக்காரரும் மனைவியும் ஏறிவிட்டார்கள். நான் முதலில் பார்த்தது கடைசி வரிசையைத்தான். சாம்பல் நிறப் போர்வை. தலைக்கு மேல் இழுத்துவிட்டபடி. அதே கூன்.

"அப்பா?" என்றேன், காற்றுக் குரலில்.

போர்வை மேலும் கீழும் அசைந்தது.

ஏறி உட்கார்ந்தேன்.

தட்டு வந்தது.

கேமராக்காரரைத் தட்டினேன். அவர் வழிகாட்டியை. வழிகாட்டி கண்ணாடியில் பின்வரிசை வரை பார்த்துவிட்டு, மௌனியைத் தட்டினார். வண்டி கிளம்பியது.

கொஞ்ச தூரம் போன பிறகுதான் ஒன்று உறைத்தது. தட்டு என் இடது தோளில் விழுந்திருந்தது. காலையிலிருந்து எல்லாம் வலது தோளில். அதுவும் இந்த முறை அடி இல்லை. ஒற்றை விரல் நுனி. அப்பாவுக்குக் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். அந்த இடம் மட்டும் சில்லென்று இருந்தது. பிறகு அந்தச் சில்லிப்பும் போய்விட்டது. ஒன்றும் இல்லாத மாதிரி ஆகிவிட்டது.

அடுத்து ஒரு மரத்தடியில் நின்றோம். ஏதோ கழுகு. வழிகாட்டி கை காட்டுவதற்குத் தோளை உயர்த்தினார்...

கை முழுதாக நீளவில்லை. அதற்குள் எனக்குப் பின்னாலிருந்து தட்டு வந்துவிட்டது.

கண் மங்கிய மனிதர். கழுகு எங்கே இருக்கிறது என்று எனக்கே இன்னும் தெரியவில்லை.

நான் தட்டை முன்னால் அனுப்பினேன்.

இன்னொன்று. இருமல் கேட்கவில்லை. நிறுத்தத்திலிருந்து ஒரு தடவைகூட.

சோதனைச் சாவடி வந்தது. அது காட்டின் இரு பாதிகளுக்கும் நடுவில் இருக்கும் தடுப்புக் கம்பி. அங்கே காவலர் தலை எண்ணுவார். எங்கள் வண்டியை முன்னிருந்து பின்வரை விரலால் எண்ணினார். பின்னால் பார்த்து லேசாகச் சிரித்தார். கம்பியைத் தூக்கினார்.

மணி பதினொன்று இருபது. எனக்கு அது எப்படித் தெரியும் என்றால், அப்பாவின் பதினொரு மணி மாத்திரை ஞாபகம் வந்து கடிகாரத்தைப் பார்த்தேன். மாத்திரையைப் பிரித்தேன். வண்டி குலுங்கிக்கொண்டிருந்தது. திரும்பாமலே, தோளுக்கு மேலாகக் கையைப் பின்னால் நீட்டினேன்.

"அப்பா, மாத்திரை."

ஒரு உள்ளங்கை என் விரல்களின் கீழ் வந்தது.

ஈரம்.

ஓடைக்குள் கையை விட்ட மாதிரி. நான்கு விரலும் மரத்துப் போயின. மாத்திரையை அந்தக் கை எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்டதை நன்றாக உணர்ந்தேன்.

தண்ணீர் பாட்டிலை எடுத்தேன்.

திரும்பினேன்.

யாருமில்லை...

போர்வை மட்டும் இருந்தது. ஆள் உட்கார்ந்த குழியோடு. குழியின் நடுவில் மாத்திரை.

வெள்ளை.

நனைந்து, கரைய ஆரம்பித்திருந்தது.

நான் கத்தவில்லை. பயம் வந்ததா என்று கேட்டால், வரவில்லை. வர வேண்டிய இடம் தெரிந்தது, அங்கே ஒன்றுமில்லை. கேமராக்காரரின் தோளில் இரண்டு தட்டு தட்டினேன். அவர் இரண்டு தட்டினார். வண்டி நின்றது. எல்லோரும் திரும்பினார்கள்.

கேமராக்காரரின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டார். "அவர் எனக்கு முன்னாடியே ஏறிட்டாரே... நான் பாத்தேனே..."

"நான் கண்ணாடியில பாத்தேன்" என்றார் ஒருவர். யாருடைய குரல் என்று தெரியவில்லை. பிறகுதான் புரிந்தது. மௌனி.

அந்தப் பாதை ஒருவழி. எதிரே வண்டி வராது என்று உறுதி வாங்காமல் திருப்பக் கூடாது. வழிகாட்டி வாக்கி டாக்கியில் சாவடியைக் கூப்பிட்டார். அது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"ஒரு ஆள் குறையுது. நிறுத்தத்துல விட்டுட்டோம். எண்ணினீங்களா இல்லையா?"

கரகரவென்று சத்தம். பிறகு காவலரின் குரல்.

"எண்ணினேன் மேடம். சரியாத்தான் இருந்தது. கடைசியில ஒரு பெரியவர், போர்வை போத்திட்டு... எனக்குக் கைகூடக் காட்டினாரே."

மௌனி வண்டியைத் திருப்பினார்.

திரும்பிப் போன அந்த நேரத்தில் என் மனதில் ஓடியது ஒன்றே ஒன்று. அக்காவின் முகம் இல்லை. கரடியும் இல்லை. ஜம்பர். யாரோ ஜம்பர் மாட்டியிருக்கிறார்கள். கதவு திறந்தே இருக்கிறது, ஆனால் மின்சாரம் தாண்டி வந்துவிட்டது. அப்படியென்றால் அந்தத் துண்டு வயர் எது? இதையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பா உயிரோடு இருப்பாரா என்று ஒரு முறைகூட நினைக்கவில்லை. மரத்த கையில் ஊசி குத்தினால் தெரியாது, அதுபோல.

அப்பா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முதுகு நேராக. போர்வை இல்லை.

பெஞ்சைச் சுற்றிச் சேற்றில் கரடியின் கால் தடம். பெரியது ஒன்று, சின்னவை இரண்டு. பெஞ்சுக்கு மிக அருகில் வரை வந்து, நின்று, திரும்பிப் போயிருந்தன.

"ஏம்ப்பா ஏறல?" என்றேன்.

"நான் டியூட்டியில இல்ல. ரிலீவர் வந்துட்டார்."

ரிலீவர் என்றால், ஒரு கார்டு இறங்கும் இடத்தில் வண்டிப் பொறுப்பை, அதாவது சார்ஜை, வாங்கிக்கொண்டு அவருக்குப் பதிலாக ஏறும் அடுத்த கார்டு.

"யாரு?"

"பேரு கேக்கல. ரொம்ப நாளா இங்கயே நிக்கறாராம், ஒரு வண்டியும் ஏத்திக்கலையாம். நனைஞ்சு நடுங்கிட்டிருந்தார். போர்வையக் கொடுத்தேன். சார்ஜும் கொடுத்துட்டேன்." பிறகு என்னைப் பார்த்து, குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார்: "சார்ஜ் கொடுத்துட்டா அப்புறம் நாம ஏறக் கூடாதுப்பா. அவர் வண்டி அது."

அவர் கை சூடாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு வண்டிக்குக் கூட்டிவந்தேன். என் பக்கத்தில், நடு வரிசையில் உட்கார வைத்தேன். இந்த முறை மறுக்கவில்லை. கடைசி வரிசை காலி. இப்போது கடைசி ஆள் நான்தான். நான்தான் தட்டைத் தொடங்க வேண்டும். எல்லோரும் காத்திருந்தார்கள். நான் கையை உயர்த்தினேன்.

அதற்குள்...

இடது தோள். ஒன்று.

அப்பா எனக்கு வலப்பக்கம். இரண்டு கையும் மடியில்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அதை முன்னால் அனுப்பினேன். வேறு என்ன செய்வது? விதி அதுதானே. கேமராக்காரர் தட்டினார், வழிகாட்டி தட்டினார், மௌனி வண்டியை எடுத்தார். வாசல் வரும்வரை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் என் காரில் அப்பாவை முன்சீட்டில் உட்கார வைத்து, பெல்ட் போட்டு, சாவியைத் திருப்பினேன். இடது தோள். ஒன்று. காரை எடுத்தேன். மறுநாளும். அதற்கு அடுத்த நாளும். தோளில் அந்த இடம், ஒரு பட்டன் அளவுக்கு, இன்றும் மரத்தே இருக்கிறது. டாக்டர் ஊசியால் குத்திப் பார்த்தார். "தெரியுதா?" என்றார். தெரியவில்லை. நரம்பு என்றார். இருக்கலாம்.

அக்காவிடம் மறைக்கவில்லை. நிறுத்தத்தில் தவறவிட்டேன், திரும்பிப் போய்க் கூட்டிவந்தேன் என்று மட்டும் சொன்னேன். போர்வையைப் பற்றிச் சொல்லவில்லை. அவள் திட்டவில்லை. "அப்ப நாம பேசினபடிதான்" என்றாள்.

"அன்னைலேர்ந்து அவர் விடியக்காலையில கிளம்பறதில்லக்கா. சார்ஜ் கொடுத்தாச்சுங்கிறார்."

"ரெண்டு நாளைக்கு அப்படித்தான் இருக்கும். அப்புறம் மறுபடி ஆரம்பிப்பார். வேணாம்டா. எனக்குப் பயமா இருக்கு."

அவளுக்காவது பயம் வந்ததே என்று இருந்தது.

இல்லத்துக்குக் கிளம்பிய நாள். பையை அக்காதான் கட்டினாள். அப்பாவைக் காரின் பின்சீட்டில் ஏற்றிக் கதவைச் சாத்தினாள். சுற்றி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்பா ஏறியாச்சு. எடுடா."

கண்ணாடியில் பார்த்தேன். பின்சீட்டில் சாம்பல் நிறமாக ஏதோ தெரிந்தது. சரி. தெருவுக்குப் போக ரிவர்ஸ் கியர் போட்டேன். தட்டுக்குக் காத்திருந்தேன்.

வந்தது.

ஒன்று.

இரண்டு.

பிரேக்கை அழுத்தினேன்.

"என்னடா? எடு."

மறுபடி. இரண்டு. இந்த முறை விரல் நுனி இல்லை. அடி. 'தொம். தொம்.'

அப்போதுதான் உறைத்தது. அப்பாவிடம் சாம்பல் நிறத்தில் எந்தத் துணியும் கிடையாது.

இறங்கிப் பின்னால் போனேன். பின்சீட்டின் மறுபக்கக் கதவு திறந்திருந்தது. பின்சக்கரத்துக்குப் பின்னால், ஒரு கை தூரத்தில் அப்பா குந்தியிருந்தார். செருப்பின் வார் அவிழ்ந்துவிட்டதாம். மெதுவாக, பொறுமையாக, அதை மாட்டிக்கொண்டிருந்தார். ரிவர்ஸில் ஒரு அடி போயிருந்தால் போதும்.

அக்காவும் இறங்கி வந்து பார்த்தாள். நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான்தானே சொன்னேன்... ஏறியாச்சுன்னு நான்தானே சொன்னேன்..."

கொஞ்ச நேரம் கழித்து எழுந்தாள். பையை எடுத்து வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தாள். சட்டைகளை மறுபடி அலமாரியில் அடுக்கினாள். இல்லம் என்ற வார்த்தையை அதன் பிறகு எடுக்கவில்லை. போகும்போது ஒன்று மட்டும் கேட்டாள்.

"நீ திரும்பியே பாக்கல. எப்படிடா நிறுத்தினே?"

"தெரிஞ்சுது" என்றேன்.

இதை நான் எழுதக் காரணம், போன வாரம் வந்த போன். வழிகாட்டி. என் நம்பரைத் தேடிப் பிடித்து அழைத்திருந்தார்.

"ஐயா எப்படி இருக்காங்க சார்?"

"நல்லா இருக்கார்."

"அன்னைக்கு உங்ககிட்ட ஒண்ணு சொல்லல. அந்தத் தட்டுற விதி இருக்கில்ல, மிருகம் ஓடிடும்னு சொல்வோமே... அதுக்காக வந்ததில்ல அது. நான் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடி, அதே நிறுத்தத்துல ஒருத்தர விட்டுட்டு வந்துட்டாங்க. கடைசி வரிசையில வந்த பெரியவர். மழை நாள். அவரோட மகன் நடு சீட்ல இருந்திருக்கார். கிளம்பலாமான்னு கேட்டதுக்கு, திரும்பிப் பாக்காமலே, 'அப்பா ஏறியாச்சு, எடுங்க'ன்னாராம். திரும்பிப் போய்ப் பாத்தப்ப பெஞ்சுக்கு அடியில ஒரு ஜோடி செருப்பு மட்டும் இருந்துச்சு. ஆளு கிடைக்கவே இல்ல. அதுக்கப்புறம்தான் இந்த விதி."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"இன்னொண்ணு சார். அந்த நிறுத்தத்துலேர்ந்து கிளம்பும்போது, கடைசி வரிசை காலியா இருந்தாலும் தட்டு வரும். எங்க எல்லாருக்கும் தெரியும். ரெண்டு தட்டு. எப்பவுமே ரெண்டு. 'இரு, இன்னும் இல்ல'ன்னு. கொஞ்ச நேரம் நின்னுட்டு, அப்புறம் எடுத்துடுவோம். மௌனி இதனாலதான் பேச்ச நிறுத்தினார்." மூச்சு விடும் சத்தம் கேட்டது. "நீங்க வந்துட்டுப் போனதுக்கப்புறம் வர்றதே இல்ல. ஒரு தடவகூட. அதான்... உங்களுக்கு அங்க ஏதாவது...?"

"இல்ல மேடம்" என்றேன். "ஒண்ணும் இல்ல."

போனை வைத்தேன்.

இப்போது காரில் உட்கார்ந்துதான் இதை முடிக்கிறேன். பகல். நல்ல வெயில். அப்பா முன்சீட்டில் இருக்கிறார், பெல்ட் போட்டிருக்கிறேன். அவரைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது.

"ஏம்ப்பா நிக்கறோம்?" என்கிறார் அப்பா.

"இருங்கப்பா" என்கிறேன். "இன்னும் தட்டு வரல."